எட்டுக்குப் பத்தில் இரண்டு தாய்மாமன்கள்

சப்ரகமுவ மாகாணத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும், கத்திரி அண்ணனைப் போல வெட்டத் தெரியாத ஒரு போட்டோக்காரரைக் கண்டுபிடிக்க முடியாது. றக்வானை பஸாரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்த காலம் அது. எந்தப் படத்திலும் ஒரு மனிதனின் முழங்கையைக்கூட அவர் வெட்டியதில்லை. அதனாலேயே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குசும்பர்கள் அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததோ என்னவோ.

கேமரா எடுக்கிற படம் ஓர் அளவு, கடையில் விற்கிற பிரேம் வேறோர் அளவு. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ஓரத்தை நறுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கத்திரிக்கு அது கொலைக்குச் சமம்.

“சட்டைக்கு பட்டன் போட்டு, தலைய சீவி, மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்ன மனுசன் தம்பி. அவன எப்பிடி வெட்டுறது?” என்பார்.

படங்களை சீடியில் ஏற்றி, இரத்தினபுரி லேபுக்கு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவார். பஸ் மலை இறங்கும் முன்பே போனைப் பிடித்துக்கொள்வார். “மல்லி, கபன்ன எபா. ஹொந்தட அஹன்ன, கபன்ன எபா.” தம்பி, வெட்டாதே, நன்றாகக் கேட்டுக்கொள், வெட்டாதே என்று லேப்காரரிடம் சிங்களத்தில் ஒரே கெஞ்சல்.

வெட்டாமல் எப்படிப் பிரேமில் அடக்குவது? இழுப்பார். எங்கள் தோட்டத்துக் கங்காணி கொக்கு மாதிரி இருப்பார். அவர் படத்தை அகலவாக்கில் இழுத்ததில் கன்னம் உப்பி, தொப்பை வைத்து, தோட்டத்தை ஆளும் தொரையே பார்த்து எழுந்து நிற்கும் உருவமாகிவிட்டார். கங்காணி கோபிக்கவில்லை. இன்னொரு பிரதி வாங்கி இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார்.

கத்திரிக்கு உண்மையான சோதனை என் கல்யாணத்தில் வந்தது. நான் தோட்ட ஆபீஸில் கிளாக்கர். பெண் அதே தோட்டத்தின் கீழ் டிவிசன். என் தாய்மாமாவும் அவள் தாய்மாமாவும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒரு காமன் கூத்தில் அவள் மாமாவுக்கு மன்மதன் வேஷம், என் மாமாவுக்கு ரதி வேஷம். என் மாமா ஆசை ஆசையாய் வளர்த்த மீசையை மழித்து, சேலை கட்டி, வளையல் போட்டுத் தயாராக நின்றார். மன்மதன் சாராயத்தை ஏற்றிக்கொண்டு எங்கோ தூங்கிப்போனார். ரதி விடிய விடியத் தனியாக ஆடினாள்.

தாய்மாமன் இல்லாத கல்யாணப் படத்தை எங்கள் ஆட்கள் சுவரில் மாட்ட மாட்டார்கள். ஆகவே இருவரும் குரூப் போட்டோவுக்கு வந்தார்கள். ஆனால் இவர் இந்த ஓரம், அவர் அந்த ஓரம். நடுவில் இரண்டு குடும்பமும் நின்றது. இது தெரியாமல் என் அம்மா பிரேம்களை முன்கூட்டியே வாங்கிவிட்டார். படம் எட்டுக்குப் பன்னிரண்டு, பிரேம் எட்டுக்குப் பத்து. பக்கத்துக்கு ஓர் அங்குலம் போயாக வேண்டும். அந்த ஒவ்வோர் அங்குலத்திலும் ஒரு தாய்மாமன் நின்றார்.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. “என்னைய வெட்டின படம் ஒன் வூட்டு செவுத்துல தொங்குனா, நான் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்றார் என் மாமா. கீழ் டிவிசனிலிருந்தும் அதே வசனம் ஆள் மூலம் வந்தது. என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா இல்லாத அவளைத் தூக்கி வளர்த்தவர் அந்த மாமாதான். கல்யாணம் முடிந்த கையோடு தாய்வீட்டுக் கதவு மூடிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

கத்திரி முதலில் படத்தை நெருக்கிப் பார்த்தார். எல்லாரும் ஒல்லிக்குச்சியானோம். “என்னையப் பட்டினி போட்ட மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. அப்புறம் படத்தைச் சிறிதாக்கி, மேலும் கீழும் வெள்ளைக் கரை விட்டார். “கல்யாணப் படத்துக்கு வெள்ளைக் கரையா?” என்று அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “அப்ப மஞ்சள் போடவாங்க?” என்று கேட்டார் கத்திரி. அம்மா பார்த்த பார்வையில் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். போனேன். பிரேமுக்குள் இரண்டு மாமாக்களும் எங்கள் தலைக்குப் பின்னால், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். போதாததற்கு என் மாமாவின் கை அவள் மாமாவின் தோளில் கிடந்தது. அந்தக் கையில் என் கல்யாண மோதிரம்.

“அண்ணே, இது என் கையி.”

“ஆமா தம்பி. அவருக்கு கை பத்தல. ஒங்க வேற போட்டோல இருந்து எடுத்தேன்.”

“கடைசில வெட்டிட்டீங்களே.”

“வெட்டல தம்பி. எடம் மாத்தி நிப்பாட்டுனேன்.”

நான் வாயை மூடுவதற்குள் என் மாமா உள்ளே வந்தார். பின்னாலேயே அவள் மாமா. தோட்டத்துக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை பஸாருக்கு வராதவர் யார்? பிரேமைப் பார்த்ததும் என் மாமாவுக்கு முகம் சிவந்தது.

“யாரக் கேட்டு என்னைய இந்த ஆளு பக்கத்துல நிப்பாட்டுன?”

“தப்புதாங்க” என்று கத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். “ரெண்டு பேருல யார வெட்டணும்? சொல்லுங்க, இப்பவே வெட்டிர்றேன்.”

திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்து அவள் மாமாவின் கழுத்தில் போய் நின்றது. இங்கே ஒரு வார்த்தை தவறினால் வீட்டில் ஒருத்தியின் பிறந்தகம் போய்விடும்.

“கழுத்துல வெக்காத” என்றார் என் மாமா. “எடு அத.”

கத்திரி எடுத்தார். அவள் மாமா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அன்னைக்கு நான் தூங்கிப்போயிட்டேன் மச்சான்” என்றார்.

“ஊருக்கே தெரியும்” என்றார் என் மாமா. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். “சரி, ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. பிரேம சுத்திக் குடுக்கச் சொல்லு.”

அந்த நிமிஷம் கத்திரியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது எனக்கு. அவர் பழைய பத்திரிகைத் தாளைத் தேடி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்து, இதில் தாய்மாமன் யார் என்று விருந்தாளிகள் கேட்பதுண்டு. எங்கள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் மூன்று பேர் என்பேன். இரண்டு பேர் படத்தில் நிற்கிறார்கள். மூன்றாமவர் அதை எடுத்தவர்.