காணிக்கை சாரும் ஆறு ஜோடி ஷூவும்

ஆம்பூர் சரித்திரத்திலேயே ஓசி பிரியாணியை வேண்டாம் என்று சொல்லி எழுந்த ஒரே மனிதர் காணிக்கை சார்தான். பக்கத்து வீட்டுக் கல்யாணம். மொய் வாங்குகிற ஆள் இன்னும் வரவில்லை என்று தெரிந்ததும் தட்டை அப்படியே விட்டு எழுந்துவிட்டார். அந்த ஆள் வந்து பெயரை எழுதிக்கொண்ட பிறகுதான் கை நனைத்தார். அதற்குள் கறித்துண்டுகள் தீர்ந்து வெறும் சோறுதான் மிச்சம். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டிலிருந்த கறி எங்கே போனது என்று இன்றுவரை அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வருவது அவர்தான். அதனால் அந்தப் பெயர். மற்ற ஆறு நாளும் நாங்கள் இருவரும் தோலும் ஷூ சாமானும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தோம். வெளிநாட்டு வியாபாரிகளின் மெயில்களைப் படித்துப் பதில் போடுவது அவர் வேலை. அவர் போட்ட பதிலை அச்சடித்துக் கோப்பில் குத்துவது என் வேலை. கோப்பைவிட என் விரலில்தான் அதிகம் குத்துவேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் துடைத்தான். மெயில் பார்க்க ஒரு இலவச மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனான். அருமையாக ஓடியது. சார் சந்தோஷமாகத்தான் இருந்தார், ஒருநாள் அதன் முகப்பில் இருந்த ஆங்கிலப் பத்தியைப் படிக்கும் வரை. "இது உங்களைப் போன்றவர்கள் மனமுவந்து தரும் நன்கொடையில்தான் நடக்கிறது" என்று அதில் இருந்தது.

சார் மௌஸிலிருந்து கையை எடுத்தார், தோசைக்கல்லைத் தொட்டவர் போல.

"இன்னாப்பா இது? ரெண்டு மாசமா ஓசிலயா மெயில் பாத்துகினு இருந்தோம்?"

"விருப்பம் இருந்தா குடுக்கலாம்னுதான் சார் போட்டிருக்கான்."

"பையை நீட்றவனும் அப்டித்தாம்பா சொல்லுவான். நான் நீட்றவன், எனக்குத் தெரியாதா? குடுக்காத வரைக்கும் நான் இதுல ஒக்கார மாட்டேன். நீ ஒக்காரு."

அப்படித்தான் கம்பெனியின் வெளிநாட்டு வியாபாரம் என் கைக்கு வந்தது. முதல் வாரத்திலேயே ஒரு வியாபாரிக்குச் சொல்ல வேண்டிய விலையை அவருடைய போட்டியாளருக்கு அனுப்பினேன். முதலாளி ஹாஜியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஓசில குட்த்தா வாங்கிக்க வேண்டியதுதானே சாரே, இன்னா பேஜார் பண்ணிகினு இருக்கே? ஒண்ணாந்தேதிக்குள்ள சீட்ல ஒக்காரல, வூட்டுக்குப் போய்டு. இந்த ஆள நம்பி நான் தோல் கூட விக்க முடியாது, தொழிலையே வித்துட வேண்டியதுதான்."

'இந்த ஆள்' என்றது என்னை.

சாருக்கு ஐம்பத்தாறு வயது. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை கிடையாது. நான் நியாயம் பேசிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. குடுத்துவிட்டு உட்காருகிறேன் என்றார்.

குடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்கள் கேட்டது கிரெடிட் கார்டு. எங்கள் ஆபீசில் ரேஷன் கார்டுதான் இருந்தது. பாங்குக்குப் போனோம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இன்வாய்ஸ் வேண்டும் என்றார் அதிகாரி.

"இன்வாய்ஸ் இல்ல சார். சாமான் இலவசம்" என்றார் காணிக்கை சார்.

"இலவசம்னா எதுக்குக் காசு அனுப்பறீங்க?"

"இலவசமா குட்த்தாங்களே, அதுக்குத்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டபோதும் நாங்கள் அங்கேயே இருந்தது அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள், பிறகு ஏலம் விடுவார்கள். கையில் காசில்லாத ஒருவர் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். சாருக்குப் பொறி தட்டிவிட்டது. திங்கட்கிழமை காலை என் மேசை முன்னால் நின்றார்.

"அவன் வெளையறத குட்த்தான். நாம செய்யறத குடுப்போம். எழுதுப்பா, அவங்க கால் சைஸ் கேட்டு."

அவர் திரைக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மென்பொருள் செய்தவர்களுக்கு அனுப்ப வேண்டியதை, உலகமெங்கும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் சந்தேகம் கேட்கும் பொது முகவரிக்கு அனுப்பிவிட்டேன். பல பேர் விளையாட்டு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நல்லவேளை, அந்த மென்பொருளுக்காக உழைக்கிற ஆறு பேர் மட்டும் நம்பினார்கள். ஆறு நாடுகளிலிருந்து ஆறு சைஸ் வந்தது. ஒருவர் தன் இடது கால் கொஞ்சம் ஜாஸ்தி என்று குறிப்பும் எழுதியிருந்தார்.

சார் 'மேல்பாகம்' என்று சொல்லியும் கடிதத்தில் 'ஷூ' என்று தட்டியவன் நான். எங்கள் கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் மட்டும்தான் தைப்போம் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அடிப்பாகத்தை, வாங்குகிறவர்கள் தங்கள் ஊரில் ஒட்டிக்கொள்வார்கள். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பஜாரில் அடி போடுகிற கடையைத் தேடிப் போனார்.

இதற்குள் ஹாஜியார் அந்த மெயில்களைப் பார்த்துவிட்டார்.

"ஆறு நாடா! ஆளுக்கு ஒரு ஜோடி சாம்பிளா?"

நான் தலையை ஆட்டினேன். மேலும் கீழும் ஆட்டினேனா, பக்கவாட்டில் ஆட்டினேனா என்பது அவரவர் பார்வையைப் பொறுத்தது. அவர் நல்ல தோலாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

ஷூ தயாரானது. முப்பதாம் தேதி ஹாஜியார் கேட்டார், "ஆர்டர் எப்ப வரும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "ஆர்டர் வராது ஹாஜியாரே. இது காணிக்கை."

முழுக்கதையையும் சொன்னார். என் தலையாட்டல் உட்பட. ஹாஜியார் ஒரு ஷூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோலு யாருது?"

"உங்களுது."

"அப்ப காணிக்கை யாருது? குட்த்தது நானா, நீயா?"

சாரின் முகம் செத்துவிட்டது. இத்தனை அலைந்தும் தான் இன்னும் எதுவுமே கொடுக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "சம்பளத்துல புடிச்சிக்கோங்க ஹாஜியாரே. மொத்தமும்."

"அப்ப அல்லாகிட்ட எனக்குச் சேர்ற நன்மை இன்னா ஆவறது? தெரியாம குட்த்தாலும் குட்த்தது குட்த்ததுதான்." ஹாஜியார் ஆறு ஜோடியையும் மேசைமேல் பிரித்து வைத்தார். "எடது கால் உன் பேர்ல. வலது கால் என் பேர்ல. பாதி புடிச்சிக்கறேன். சம்மதமா?"

சார் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"அந்த ஒருத்தனுக்கு எடது கால் ஜாஸ்தி. அது என் கணக்குலதான வருது?"

"உன் கணக்குதான்யா! போய்த் தொலை!"

ஒன்றாந்தேதி காலை தபாலாபீசிலிருந்து பார்சல் ரசீதோடு வந்தார். என்னைப் பார்த்து, "எந்திரிப்பா" என்றார். உட்கார்ந்தார். மூன்று வாரமாக நான் குழப்பி வைத்திருந்த மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டே சரிசெய்ய ஆரம்பித்தார். எனக்கு என் மேசையில் வேலை கிடந்தது. ஆனாலும் சாயங்காலம் வரை அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.