ஆத்தா கேட்ட தங்கக் காசு

தங்கம் வாங்கப் பணம் இருந்தால் போதும். வாங்கியதை வீட்டில் வைக்கத்தான் புத்தி வேண்டும். எனக்கு முதலாவது கொஞ்சமாகவும் இரண்டாவது ஏராளமாகவும் இருப்பதாக ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை, சொட்டச் சொட்ட ஈரத் தலையும் நைட்டியுமாக, என்னை எங்கள் தெரு அம்மன் கோவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு எனக்கு அத்துப்படி. (மீதிப் பேர் பயந்துகொண்டு வருவதே இல்லை.) நரம்பு தேடி ஊசி குத்துவது நான், கல்லாவில் உட்காருவது வேறொருவர். எனக்குச் சொந்தமாக ஒரு லேப் வைக்க வேண்டும், வாசல் பலகையில் 'கீதா' என்று பெரிதாக எழுத வேண்டும். வாழ்க்கையில் அதைத் தவிர வேறு ஆசை கிடையாது. அதற்காகத்தான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முடிந்தபோதெல்லாம் ஒரு சின்னத் தங்கக் காசு வாங்கிச் சேர்த்து வந்தேன்.

ஏன் நகை வாங்கவில்லை என்று கேட்பவர்களிடம் செய்கூலி, சேதாரம் என்று பெரிய நிதி ஆலோசகர் மாதிரி பேசுவேன். உண்மையான காரணம் வசந்தா அக்கா.

வசந்தா அக்கா என் வீட்டுக்காரர் சேகருக்கு மூத்தவர், வாலாஜாபாத்தில் இருக்கிறார். பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கண்ணில் பட்ட நகையை இரவல் கேட்காமல் அவரால் பஸ் ஏற முடியாது. என் கல்யாணச் சங்கிலி ஒரு விசேஷத்துக்கென்று அவர் கழுத்தில் ஏறிப் போனது. விசேஷம் முடிந்ததும் நேராக அடகுக் கடைக்குப் போய்விட்டது. அதை மீட்டு வந்தவர் சேகர்தான். அக்கா கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. ரகசியமும் அவர் வாயில் தங்காது. அதனால் காசு விஷயம் அவருக்கும் தெரியாது.

வைப்பதற்கு இடம் வேண்டுமே. பேங்கில் லாக்கர் கேட்டேன். காலியானால் சொல்கிறோம் என்றார்கள். அரிசிப் பானைக்குள் வைக்கலாம் என்றால், அக்கா வந்ததும் முதலில் நுழைவது அடுப்படியில். பீரோ சாவி இருக்கும் இடம் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சேகருக்கு டெங்கு வந்தது. அக்கா அழுதுகொண்டே ஓடி வந்தார். மஞ்சள் துணியில் காசு முடிந்து, எங்கள் பூஜை அலமாரியில் அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தார். தம்பி பிழைத்தால் ஆடியில் காணிக்கையாகப் போடுவதாக வேண்டுதல். தம்பி பிழைத்தார். அக்கா தெரு முழுக்க, "பெருசா நேந்துக்கினு இருக்கேன்பா" என்று சொல்லி வைத்தார்.

அலமாரியைத் துடைக்கும்போது எனக்குப் பொறி தட்டியது. வேண்டுதல் முடிப்பை யார் தொடுவார்கள்? திருடன்கூடத் தொட மாட்டான். அதே அளவில் இன்னொரு முடிப்பு கட்ட வேண்டும் என்று அக்காவின் முடிப்பை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு ரூபாய். (தம்பி உயிருக்கு ஒரு ரூபாயா என்று ஆத்திரம் வந்தது. அம்மனுக்கே கட்டுப்படியாகிறது, எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.) அதை முன்போலவே முடிந்தேன். என் தங்கக் காசுகளை எல்லாம் இன்னொரு மஞ்சள் துணியில் முடிந்து பக்கத்தில் வைத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

முடிந்து வைத்த காணிக்கையை ஒரு நாள் யாராவது எடுத்துக்கொண்டு போய்க் கோவிலில் போடுவார்கள் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றும் நாள். வேண்டுதலை முடிக்க அக்கா முதல் நாளே வந்திருந்தார். சேகர் விடியும்போதே கரண்டியோடு கோவிலுக்குப் போய்விட்டார். நான் முகமெல்லாம் மஞ்சள் பூசித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. முடிப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போவதாகவும் என்னைப் பின்னால் வரும்படியும் சொன்னார். சரி என்றேன். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிய பிறகுதான், எந்த முடிப்பை என்று உறைத்தது.

மஞ்சள் நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால், படத்துக்குப் பின்னால் ஒரு முடிப்புதான் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். காற்றாக இருந்தது. அக்கா எடுத்துப் போனது என் லேப். ரத்தம் எடுக்கும் நாற்காலி, மைக்ராஸ்கோப், பெயர்ப் பலகை எல்லாம் சேர்ந்து உண்டியலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

செருப்பைக்கூடத் தேடவில்லை. தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒன்றில் தலை மாட்டியது. இழுத்துக்கொண்டே ஓடினேன். பாதித் தோரணம் தலைமுடியோடு வந்துவிட்டது.

கோவிலில் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. அக்கா முடிப்பைப் பூசாரியிடம் நீட்டிவிட்டார். மைக்கில் விழாக் குழுத் தலைவர், வாலாஜாபாத் வசந்தா அம்மாவின் காணிக்கை என்று முழங்கிக்கொண்டிருந்தார். பூசாரியின் விரல் முடிச்சில் இருந்தது. அவிழ்த்தால் தங்கம், மைக்கில் அறிவிப்பு, பிறகு அம்மன் சொத்தில் கை வைக்க யாரால் முடியும்?

"அவுக்காத! அது என்னுது!" என்று கத்தினேன்.

பம்பை ஒரு கணம் நின்றது. விரித்த ஈரத் தலை, மஞ்சள் முகம், மஞ்சள் உடை, முடியில் வேப்பிலை. ஓடி வந்ததில் உடம்பு வேறு வெடவெடவென்று நடுங்கியது. கூட்டத்தில் ஒரு பெண் குரல், "ஆத்தா வந்துட்டாம்மா" என்றது. பம்பை இரட்டை வேகத்தில் கிளம்பியது. குலவை எழுந்தது. யாரோ ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பூசாரி குனிந்து, "வாம்மா தாயே. என்னா கொற உனக்கு, சொல்லு" என்றார்.

இல்லை, நான் கீதா, லேப் கீதா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த நிமிடம் முடிப்பு அவிழும், அக்கா பார்ப்பார். திறந்த வாயை வீணாக்காமல், "அத்த குடு" என்றேன்.

பூசாரி மறுபேச்சில்லாமல் முடிப்பைத் திருநீற்றோடு என் கையில் வைத்தார். அந்தக் கனம் உள்ளங்கையில் பட்டதும் எனக்கு நிஜமாகவே அருள் வந்த மாதிரி இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா காலில் விழுந்துவிட்டார். "நான் என்னா தப்பு பண்ணேன் ஆத்தா? நேந்துக்கினத்ததான கொண்டாந்தேன்" என்று அழுதார்.

"நேந்துக்கினது ஒத்த ரூபா," என்றேன். "எங்க அந்த ஒத்த ரூபா?"

அக்காவின் முகம் வெளுத்தது. அது ஒரு ரூபாய் என்று உலகத்தில் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. கூழ்ப் பானையருகே சேகர் கரண்டியோடு சிலையாக நின்றிருந்தார். அவரைப் பார்த்து, வீட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் இருப்பதை எடுத்து வரச் சொன்னேன். ஓடிப்போய் எடுத்து வந்தார். பூசாரி எல்லோரும் பார்க்க அவிழ்த்தார். ஒரு ரூபாய் உருண்டு தட்டில் விழுந்தது.

அப்போது எழுந்த குலவை ஊர்க் கோடியில் இருக்கும் ஓரிக்கை வரைக்கும் கேட்டிருக்கும். விழாக் குழுத் தலைவரே மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் சந்தர்ப்பம் இன்னொரு முறை வாய்க்காது என்று தோன்றியது.

"அடுத்தவ கழுத்துல இருக்கறத்த இனிமே எரவல் கேக்காத," என்றேன்.

"கேக்க மாட்டேன் தாயே," என்றார் அக்கா.

பேராசைக்குக் கூலி உடனே கிடைத்தது. சாமி மலையேற வேண்டும் என்று பூசாரி எரியும் கற்பூரத்தை என் நாக்கில் வைத்தார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கூழ்தான் சாப்பாடு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் சேகர் என் கையைப் பார்த்தார். "எவ்ளோ சேத்துக்கினு இருக்கற?" என்று கேட்டார்.

எப்படித் தெரியும் என்றேன், புண்ணான நாக்கோடு.

"ஆத்தா என்னைப் போய் 'இன்னாங்க, படத்துக்குப் பின்னால இருக்குது, எட்த்துனு வாங்க'ன்னு மரியாதையா கூப்டுமா?" என்றார்.

அவ்வளவு நடுக்கத்திலும் புருஷனுக்கு மரியாதை விட்டுப்போகவில்லை பாருங்கள். ரகசியமே தங்காத அந்த மனிதர் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

பிறகு தங்கம் ஏறியது, ஏறியது, இறங்கவே மனமில்லாமல் ஏறியது. காசுகளை விற்று லேப் ஆரம்பித்தேன். வாசலில் 'கீதா' என்று தெருமுனையிலிருந்தே தெரிகிற அளவில் எழுதினேன். என் சங்கிலி, வளையல் எதுவும் அதற்குப் பிறகு வாலாஜாபாத் போகவில்லை. இன்றைக்கும் சில பேர் ரத்தம் கொடுக்கும் முன் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறார்கள். வீட்டில் நான் எதைக் கேட்டாலும் சேகர் பிள்ளைகளிடம், "குட்த்துடுங்கபா, தலைய விரிச்சிக்கினு ஓடி வந்துடப் போறா" என்பார்.

திறப்பு விழாவுக்கு வசந்தா அக்காவும் வந்தார். குத்துவிளக்கை ஏற்றிவிட்டு என் கையைப் பிடித்து மஞ்சள் முடிப்பு ஒன்றை வைத்தார். அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஒரு காசு. ரூபாய் இல்லை, தங்கம்.

"இது நேந்துக்கினது இல்ல, உன்னுதுதான்," என்றார் மெல்ல. "இதுக்காக ஓடி வராத."

அக்காவுக்கு இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்கா முகத்தில் சிரிப்பு மட்டும்தான்.

அந்த முடிப்பு இப்போது லேப்பில் அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதன்மேல் சேகர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்: 'இது காணிக்கை அல்ல.'