பதினோராவது பெயருக்கான தீர்மானம்

சோழர் காலத்தில் குடத்துக்குள் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் தெரிந்தார்களே, அதற்குப் பிறகு தமிழன் ஒரு தெரிவை முழுப் பொறுப்போடு நடத்திய இடம் லண்டன் ரெய்னர்ஸ் லேன்தான். ஆண்டு 2009. சனிக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு, தலைவர் கிருஷ்ணராசா அண்ணையின் கடைக்கு மேலே உள்ள அறையில். இதை நான் எந்தச் சபையிலும் வந்து சொல்லத் தயார். ஆத்திக்குடா மக்கள் ஒன்றியத்தின் (ஐக்கிய இராச்சியக் கிளை) செயலாளர் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு. பெயர் சுபாஸ்கரன். ஒன்றியத்துக்கு வேறு கிளை எதுவும் கிடையாது. இருந்தாலும் அடைப்புக்குறி ஒரு கௌரவம்.

நாங்கள் தெரிந்தது ஊர்ச் சபைக்கு அல்ல, உதைபந்தாட்டத்துக்கு. இணையத்தில் வாரந்தோறும் ஒரு போட்டி நடக்கிறது. இங்கிலாந்து லீக்கில் உண்மையாகவே விளையாடுகிறவர்களில் பதினொரு பேரை நாங்கள் பொறுக்கி, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். அவர்கள் மைதானத்தில் கோல் அடித்தால் எங்களுக்குப் புள்ளி. நாங்கள் ஓடத் தேவையில்லை. எங்கள் வயதுக்கும் முழங்காலுக்கும் இதைவிடத் தோதான விளையாட்டு உலகத்தில் இல்லை.

இதை ஒன்றியத்துக்குள் கொண்டுவந்தவர் பொருளாளர் எட்வேட். கொண்டுவந்த காலத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் நாங்கள் எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றவர்கள். போரை நிறுத்தச் சொல்லித் தொண்டை கட்டும்வரை கத்தினோம். மே பதினெட்டோடு எல்லாம் முடிந்தது. பிறகு கூட்டம் கூடினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஏலாது. தட்டில் வைத்த றோல்ஸ் அப்படியே ஆறிப்போகும். அந்த வெட்கத்திலிருந்து ஒன்றியத்தைத் தூக்கி நிறுத்தியது உதைபந்தாட்டம். ஓகஸ்ட் மாதம் லீக் தொடங்கியதும் வரவு கூடியது, றோல்ஸ் போதாமல் வந்தது.

எங்கள் நடைமுறையைப் பற்றி இரண்டு சொல். மற்றவர்கள் மனம்போன போக்கில் ஆளைப் போடுவார்கள். நாங்கள் அப்படியல்ல. ஒவ்வொரு வீரரையும் ஓர் அங்கத்தவர் முன்மொழிய வேண்டும், இன்னோர் அங்கத்தவர் வழிமொழிய வேண்டும். பிறகு விவாதம், பிறகு வாக்கு. எல்லாவற்றையும் நான் கூட்டறிக்கையில் எழுதி, முத்திரை குத்தி, திங்கட்கிழமை எல்லா அங்கத்தவருக்கும் தபாலில் அனுப்புவேன். இதில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை. வீரர்களின் பெயர்கள் மட்டும் ஒன்றியத்தின் இரகசியம். எனவே இங்கும் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

தலைவர் பன்னிரண்டு வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். நேரத்தில் கண்டிப்பு. உபதலைவர் ஞானேஸ்வரன் பதினைந்து வருடம் சுவிசில் இருந்தவர். எந்த வாக்கெடுப்பிலும் நடுநிலை வகிப்பார். எட்வேட் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்வதால் வாடிக்கையாளர்கள் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கும் விளையாட்டுப் பத்திரிகை முழுவதையும் படித்துவிடுவார். இந்த மூன்று பேரோடும் என்னோடும் 'தொழில்நுட்ப ஆலோசகர்' ஒருவரும் இருந்தார். கூட்ட அறைக்கும் மேல் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஷங்கர். கோயம்புத்தூர்ப் பொடியன், வங்கியொன்றில் கம்ப்யூட்டர் வேலை. மடிக்கணினி அவருடையது. ஆத்திக்குடாவில் பிறக்காத குறையால் அங்கத்துவம் கொடுக்க முடியவில்லை.

எங்கள் சாதனையின் உச்சம் 'காய விசாரணை உபகுழு'. உலகத்தில் எந்தக் கால்பந்துக்காரனுடைய கணுக்கால் எந்தப் பக்கம் பிரண்டது, யாருக்கு எத்தனை தையல், எவர் எப்போது எழும்பி நடப்பார் என்பதெல்லாம் எங்கள் விரல் நுனியில். முன்பின் தெரியாத மனிதரின் நோவை விசாரிப்பதில் எங்களை அடிக்க ஆளில்லை.

இந்த நிலையில்தான் தயாளினி வந்தார்.

தயாளினி ஒன்றியத்தின் அங்கத்தவர். தென் லண்டனில், ஸ்ட்ரெதத்தில் இருக்கிறார். ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபி உதவியாளர். அவருடைய அண்ணன் கஸ்பர் மே மாதம் ஷெல் பட்டு இடது காலில் காயத்தோடு வவுனியா முகாமில் முள்கம்பிக்குள் இருந்தார். ஸ்ட்ரெதம் எம்.பி.யின் அலுவலகம், முகாமில் உள்ள காயக்காரரைப் பற்றி விசாரிக்க ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தது. பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் ஊர்ச் சங்கம் ஒன்று எழுத்தில் உறுதி சொல்ல வேண்டும்: இவர் எங்கள் ஊரவர், இவரை எங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். கடிதத்தை அவரே அடித்துக் கொண்டுவந்திருந்தார். தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட இரண்டு கோடு காலியாக இருந்தது.

முதல் சனிக்கிழமை அது நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக, 'ஏனையவை' என்பதன் கீழ் இருந்தது. மூன்றாவது விடயமான கோல்காப்பாளருக்கு ஐம்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. ஏழுக்கு வரமுன் பன்னிரண்டு அடித்தது.

"அடுத்த கிழமை இதைத்தான் முதலாவதா எடுக்கிறம், பிள்ளை" என்றார் தலைவர்.

அடுத்த கிழமை முதலாவதாகவே எடுத்தோம். எட்வேட் கடிதத்தை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார்.

"'நன்கு அறிவோம்' எண்டு போட்டிருக்கு. எங்களிலை ஆரும் கஸ்பரைக் கடைசியாக் கண்டது எப்ப? தொண்ணூற்றாறிலை. பதின்மூண்டு வருசமாக் காணாத ஆளை 'நன்கு' எண்டு எப்பிடி எழுதுறது?"

"நன்குவை வெட்டி விடுங்கோ, அண்ணை" என்றார் தயாளினி. "அறிவோம் எண்டு மட்டும் போட்டாலும் காணும்."

சொல்லை வெட்டுவதா விடுவதா என்று ஆராய ஓர் உபகுழு அமைத்தோம். உபதலைவர் நடுநிலை வகித்தார். பிறகு அணித் தெரிவுக்குப் போனோம். பல்கேரியாக்காரர் ஒருவரை எட்வேட் முன்மொழிந்தார். ஆளை நேரில் கண்டதுண்டா என்று நான் ஒழுங்குக்காகக் கேட்டேன்.

"காணாட்டில் என்ன? அவனை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் எட்வேட். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

டிசம்பரில் கொழும்புக்குப் போகத் தலைவர் டிக்கெட் போட்டிருந்தார். எட்வேட்டுக்கு நீர்கொழும்பில் பாதி கட்டிய வீடு இருந்தது. இவற்றுக்கும் கையெழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைச் செயலாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை தயாளினி எட்டரைக்கே வந்துவிட்டார். இரவு ஷிப்ட் முடித்து, இரண்டு பஸ்ஸும் ரெயினும் மாறி வந்திருந்தார். பட்டியல் திங்கட்கிழமை போகிறது என்றார். வாசல் கதிரையில் இருந்தார். உள்ளே பெரிய நெருக்கடி. எங்கள் அணித் தலைவருக்குத் தொடையின் பின்தசை பிடித்திருந்தது. ஆளை வைப்பதா எடுப்பதா என்று காய விசாரணை உபகுழு பிளவுபட்டிருந்தது.

அப்போது தலைவருக்கு ஒன்று தோன்றியது. "வெளியிலை பிசியோ பிள்ளை நிக்குதெல்லே. கூப்பிடுங்கோ."

தயாளினியை 'மருத்துவ நிபுணர்' ஆக உள்ளே அழைத்து நாற்பது நிமிடம் கேள்வி கேட்டோம். அவர் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. கொப்பியில் படம் கீறிக் காட்டினார். தசைநார் எப்படிக் கிழியும், எத்தனை நாள் ஐஸ் வைக்க வேண்டும், எப்போது நடக்க விடலாம் என்று எல்லாம் சொன்னார்.

"கவனிக்காமல் விட்டால்?" என்று தலைவர் மிகுந்த கவலையோடு கேட்டார்.

"கவனிக்காமல் விட்டால் கால் சூம்பிப் போகும், அண்ணை. காயத்திலை கிருமி தொத்தினால் காலையே எடுக்க வரும்."

அறையில் எல்லோரும் உச்சுக்கொட்டினோம். பாவம், இருபத்தாறு வயதுப் பிள்ளை என்றார் எட்வேட். அவரை நீக்கிவிட்டு வேறு ஆள் போடத் தீர்மானித்தோம். பத்துப் பெயர் முடிந்தது. ஒன்று பாக்கி. மணி பதினொன்று நாற்பது.

"நான் அங்கத்தவர்தானே" என்றார் தயாளினி. "எனக்கும் முன்மொழிய ஏலும்தானே?"

ஏலும் என்றேன். ஒன்றியத்தின் விதித்தொகுப்பான யாப்பு அப்படித்தான் சொல்கிறது.

"பதினோராவது ஆளா நான் கஸ்பரை முன்மொழியிறன்."

ஷங்கர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

"அவர் விளையாட மாட்டார். ஒரு புள்ளியும் எடுத்துத் தர மாட்டார். டீமிலை போடவும் வேண்டாம். ஆனால் ஒருத்தர் கையை உயர்த்தி வழிமொழிஞ்சால் அது கூட்டறிக்கையிலை வரும். சுபாஸ் அண்ணை இண்டைக்கே முத்திரை குத்தித் தருவார். ஊர்ச் சங்கத்திலை இவரைத் தெரிஞ்ச ஆள் இருக்கு எண்டு அந்தத் தாளைக் காட்டி எம்.பி.யின்ரை ஒஃபீசிலை நான் கதைப்பன். கையெழுத்துக்கூடத் தேவையில்லை. கை மட்டும் உயர்த்துங்கோ."

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்வேட் றோல்ஸைப் பார்த்தார். உபதலைவர் நடுநிலை வகித்தார்.

"சார், நான் வழிமொழியறேன்" என்று ஷங்கர் கையை உயர்த்தினார்.

இந்த இடத்தில் ஒன்றியத்தின் சட்டஒழுங்கைக் காக்க வேண்டிய கடமை என் தலையில் விழுந்தது. யாப்பின் பதினான்காம் பிரிவின்படி அங்கத்தவர் அல்லாதவர் வழிமொழிய முடியாது என்று சுட்டிக்காட்டினேன்.

"ஆமா சார், தெரியும்" என்றார் ஷங்கர். உயர்த்திய கையைக் கொஞ்ச நேரம் இறக்கவில்லை.

கஸ்பரை எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புவரை ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். கணக்குப் பாடத்தில் என்னைத் தள்ளிக் கரைசேர்த்தவன். தயாளினிக்கும் அது தெரியும். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் பேனை இருந்தது. செயலாளர் கூட்டறிக்கை எழுதுகிறவர், அவர் வழிமொழிவது யாப்புக்கு முரண் என்று சொன்னேன். தலைவர் அதை ஆமோதித்தார்.

"நேரம் போகுது. வேறை ஆளைப் போடுங்கோ" என்றார்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பதினோராவது பெயரையும் அனுப்பினோம். யாரோ ஒரு செக் நாட்டுக்காரர். தயாளினி கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கீழே கதவு வரை கொண்டுபோய் விட்டேன்.

"குறை நினைக்காதேயும், தங்கச்சி. யாப்பு அப்பிடி" என்றேன்.

"ஓம், அண்ணை" என்றார். பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. பட்டியல் திங்கட்கிழமை போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த வாரம் எங்கள் அணி இரண்டாயிரத்துச் சொச்சம் அணிகளுக்குள் ஒன்பதாவதாக வந்தது. ஒன்றியத்தின் வரலாற்றில் இது பொன்னாள். செக் நாட்டுக்காரர் இரண்டு கோல் அடித்தார். அவருக்கு நன்றி தெரிவித்து, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட கடிதமொன்றை அவருடைய கழகத்துக்கு அனுப்ப ஏகமனதாகத் தீர்மானித்தோம். பத்து நிமிடத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது.

கூட்டறிக்கையை வழக்கம்போல் ஒன்றும் விடாமல் எழுதினேன். 'முன்மொழிந்தவர்: தயாளினி. வழிமொழிந்தவர்: எவருமில்லை. தீர்மானம் கைவிடப்பட்டது.' எழுதிவிட்டு, செயலாளர் வழிமொழியக் கூடாது என்பது எத்தனையாம் பிரிவு என்று குறிப்பிடுவதற்காக யாப்பை எடுத்துப் புரட்டினேன். மொத்தம் இருபத்திரண்டு பிரிவுகள். அப்படி ஒன்று அதில் கிடையாது. அது எனக்கு முதலே தெரியும். யாப்பை எழுதியவன் நான்.