கிழவியின் கடைசிப் பறப்பும் ஒரு லென்ஸ் மெஷினும்

இனிமேல் மனைவியிடம் பொய்யே சொல்வதில்லை என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்தது சனிக்கிழமை காலையில். அந்த வார இறுதிக்கு வேண்டிய பொய்யை வெள்ளிக்கிழமையே சொல்லி முடித்திருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் விமானக் கண்காட்சி. சனிக்கிழமை வெறும் ஒத்திகை. ஞாயிறு காலையில்தான் விசேஷம். நாலு எஞ்சினும் நாலு விசிறியுமாக இன்னும் பறந்துகொண்டிருந்த ஒரு கிழட்டு விமானம், கடைசி முறையாக ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு அருங்காட்சியகத்தில் போய் உட்காரப் போகிறது. விமானப் பைத்தியங்கள் அதற்கு வைத்த பெயர் 'கிழவி'. அரை டிராயர் வயதிலிருந்து இவர் அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு படபடப்பு இல்லை.

தடை ஒன்றுதான். போன கல்யாண நாளுக்கு, "வெளியில சாப்பிடலாம் வா" என்று மனைவியை அழைத்துப்போய், விமான நிலைய வேலியோரம் மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தார். வெளியில்தான், சாப்பாடும்தான். சொன்ன சொல் தவறாத மனிதர்! வீடு திரும்பியதும் அவள் சத்தியம் வாங்கிவிட்டாள். இனி விமானமும் கிடையாது, வேலியும் கிடையாது. பைனாகுலர் பரணுக்குப் போயிற்று. ஒரே வாரத்தில் பரணிலிருந்து நைசாகக் கடைக்கும் போயிற்று. அத்தனை கண்ணாடிக்கு நடுவே இன்னொரு கண்ணாடியை யார் தேடப்போகிறார்கள்?

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. யாருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வாள். ஊரார் காதையெல்லாம் சோதிப்பவள், புருஷன் பேச்சுக்கு மட்டும் காது கொடுப்பதில்லை என்பது இவருடைய நெடுநாள் மனக்குறை. சாப்பாட்டு மேசையில், "சத்தத்தை வெச்சே எத்தனை எஞ்சின்னு சொல்லிடலாம், தெரியுமா?" என்று ஆரம்பித்து, ஒன்றுக்கு எப்படி, ரெண்டுக்கு எப்படி, நாலுக்கு எப்படி என்று வாயாலேயே உறுமிக் காட்டுவார். அவள் தட்டைப் பார்த்தபடி "ம்" என்பாள். நாலாவது எஞ்சினுக்கு வரும்போது, "தெறிக்குது, தள்ளிக்கங்க" என்பாள். விமானக் கலைக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

வெள்ளிக்கிழமை சொன்ன பொய் இதுதான்: "ஒரு பஸ் டிரைவர் கண்ணாடிய உடைச்சிட்டார்மா. பாவம், திங்கக்கிழமை வண்டி எடுக்கணும். சனி, ஞாயிறு கடையில இருந்து லென்ஸ் தேய்ச்சுக் கொடுத்தாத்தான் உண்டு."

அந்தப் பாவப்பட்ட டிரைவரின் புண்ணியத்தில் சனிக்கிழமை வேலியோரம் ஏணி போட்டு ஏறி நின்றார். பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"கடையிலதான்மா. எனக்கு வேற ஏது போக்கிடம்?"

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போயிற்று.

"ஐயோ, என்னங்க சத்தம் அது?"

"லென்ஸ் தேய்க்கிற மெஷின்."

"இவ்வளவு சத்தமா?"

"பழைய மெஷின்மா. தினமும் இப்படித்தான்."

"தினமுமா?" அவள் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷமா இந்தச் சத்தத்துலயா நின்னு உழைக்கிறீங்க?"

கண்ணாடிக்காரருக்கே தன்மேல் பரிதாபம் வந்துவிட்டது. "என்ன பண்றது? குடும்பம்னு ஒண்ணு இருக்கே!"

"அந்த டிரைவர் பாவம், காத்துக்கிட்டு இருப்பாரே. முடிஞ்சிருச்சா?"

ஓடுபாதையில் அடுத்த விமானம் உருள ஆரம்பித்திருந்தது. போனை வைத்தால் போதும் என்றிருந்தது இவருக்கு. "ஆச்சு ஆச்சு, இன்னிக்கே கொடுத்துருவேன்."

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சூடாகக் காப்பி வந்தது. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"நாளைக்கு நீங்க சும்மாதான இருக்கீங்க? காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க, காதை டெஸ்ட் பண்ணிரலாம். டாக்டர்கிட்ட சாவிகூட வாங்கிட்டேன்."

"நாளைக்கா? எனக்குக் காது நல்லாத்தான கேக்குது!"

"காது போறவங்க எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க."

"அடுத்த வாரம் பார்த்துக்கலாமே..."

"அப்படின்னா நாளைக்கு நானே கடைக்கு வர்றேன். அந்த மெஷினைப் போட்டுக் காட்டுங்க. எவ்வளவு சத்தம்னு அளந்துடறேன்."

கடையிலிருந்த மெஷின், தூங்குகிற பூனை அளவுக்குக்கூடச் சத்தம் போடாது. "வேண்டாம்மா! டெஸ்ட்டே பண்ணிரலாம்" என்றார், காப்பியைக் கீழே வைத்துவிட்டு.

ஆஸ்பத்திரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். கிழவி அதன் மேலாகத்தான் வரவேண்டும். பார்க்க முடியாவிட்டாலும் உறுமலையாவது கேட்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனார். ஆனால் காதுச் சோதனை நடப்பது சத்தம் புகாத அறைக்குள். முழம் கனத்தில் சுவர். மனைவி உட்காரும் மேசையைப் பார்த்தபடி ஒரே ஒரு கண்ணாடித் தடுப்பு.

"டிங்னு கேட்டா பட்டனை அழுத்துங்க. அசையக் கூடாது" என்று ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினாள்.

டிங். அழுத்தினார். டிங். அழுத்தினார்.

திடீரென்று தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் தலையை நிமிர்த்தினாள். மேசைமேல் தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய், நெற்றிக்குக் கை கொடுத்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு கையை வேறு ஆட்டினாள். அவர் இருந்த இடத்திலிருந்து அந்த ஜன்னலில் தெரிந்தது எதிர்மாடியில் காய்ந்த துணி மட்டும்தான். துள்ளி எழுந்தார். ஹெட்போன் ஒயர் பிடித்து இழுத்து உட்காரவைத்தது. கிழவி போகிறாள், கடைசி முறையாக, தலைக்கு நேர் மேலே! தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர அவருக்கு எதுவுமே கேட்கவில்லை. அழுகையே வந்துவிட்டது. வேறொன்றும் செய்யத் தோன்றாமல் பட்டனைப் போட்டு அழுத்திக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது.

"காது பிரமாதமா இருக்கு. நடுவுலதான் நான் ஒண்ணுமே அனுப்பாதப்பவும் அழுத்திக்கிட்டே இருந்தீங்க. ஏங்க?"

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "மேல... ஏதாவது போச்சா?"

"போச்சே. நாலு எஞ்சின். அதுல ஒண்ணு லேசா இருமுச்சு." விளக்கை அணைத்துவிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நேத்து உங்க லென்ஸ் மெஷினுக்கு ரெண்டு எஞ்சின்தான்."