விரல் பட்டால் விலகும் அலர்ஜி

அலர்ஜி மருத்துவர்களுக்கான தொடர் கல்வி வகுப்பு என்றால் வழக்கமாகப் பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் வருகைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். அன்றைக்கு ஹோட்டல் அரங்கில் நிற்கவே இடமில்லை. வந்திருந்தவர் அப்பேர்ப்பட்ட மகான். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல் அலர்ஜியைக் கண்டுபிடிப்பார். முதுகில் தட்டியே விரட்டிவிடுவார். பெயரே தட்டல் டாக்டர். எந்தக் கல்லூரியில் டாக்டரானார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்.

நடு வரிசையில் ஒரு பெண் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் சாட்சி சொல்ல நின்றவள் அவளுடைய சொந்த அக்கா.

அக்கா மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனதற்கே தொண்டை அடைத்து, அவசரப் பிரிவில் மறுபிறவி எடுத்து வந்த குழந்தை. அவளைத் தட்டிவிட்டு, குணமாகிவிட்டது, மூச்சடைத்தால் போட வைத்திருக்கும் அவசர ஊசியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தார் மகான். அன்று சாயங்காலம் மகளுக்குத் தன் கையாலேயே கடலை ஊட்டப்போவதாக அக்கா மைக்கில் சொன்னாள். படித்த டாக்டர்கள் கைதட்டினார்கள். தங்கை வேண்டாம் என்று முன்பே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். உனக்குப் பொறாமை என்று அக்கா வாயை அடைத்திருந்தாள்.

மகான் வித்தையைக் காட்டினார். சோதனைக்கு வருபவரின் ஒரு கையில் பால், முட்டை என்று ஏதாவது ஒன்றை அடைத்த குப்பி, மறு கை நீட்டியபடி. நீட்டிய கையை மகான் இரண்டு விரலால் அழுத்துவார். கை இறங்கினால் அலர்ஜி. ஒரு மூத்த பேராசிரியருக்குப் பால் குப்பியில் கை தொப்பென்று இறங்கியது. இத்தனை வருஷமாகக் காப்பி குடித்தும் தெரியாமல் போனதே என்று அவர் நெகிழ்ந்தே போனார். அக்காவின் கை முட்டைக் குப்பிக்கு இறங்கியது.

தங்கை மேடையேறினாள். ஒரு காலிக் குப்பியில் குடிதண்ணீரை நிரப்பி, அதையும் முட்டைக் குப்பியையும் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் திரைக்குப் பின்னால் நின்று, தன் இஷ்டப்படி ஏதாவது ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அக்காவிடம் நீட்ட வேண்டும். எது என்று மேடையில் யாருக்கும் தெரியாது.

மகானுக்கு முகம் சுருங்கியது. "நம்பிக்கை இல்லாத இடத்துல இது வேலை செய்யாதும்மா."

"உள்ள இருக்கறது முட்டைதானே சார்? முட்டைக்கு எதுக்கு நம்பிக்கை?"

கூட்டம் சிரித்தது. இனி மறுத்தால் மானம் போய்விடும். அக்காவின் கையை அழுத்தினார். கை இறங்கியது. மறுபடி. நின்றது. பொட்டலம் மாறி மாறி வந்தது, கை ஏறி இறங்கியது, மகானுக்கு வியர்த்தது. கை இறங்கியதா நின்றதா என்று தங்கை உரக்கச் சொல்லச் சொல்லக் குறித்து வைத்ததைக் கடைசியில் பேராசிரியர் படித்தார். முட்டைக்குப் பெரும்பாலும் கை கம்பிபோல நின்றிருக்கிறது. இறங்கியதெல்லாம் பெரும்பாலும் தண்ணீருக்கு.

"இந்தம்மாவுக்குத் தண்ணிதான் ஆகலைபோல" என்றார் பேராசிரியர்.

அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "முட்டைன்னு தெரிஞ்சப்ப பலமா அழுத்தினீங்க. தெரியாதப்ப தடுமாறுறீங்க. என் பொண்ணுக்கும் இப்படித்தான் பார்த்தீங்களா?"

மகான் தண்ணீரின் அதிர்வு பற்றி ஏதோ தொடங்கினார். அக்கா காதில் வாங்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வாங்கி வைத்த கடலையை உடனே வீட்டை விட்டு வெளியேற்றச் சொன்னாள். அவசர ஊசி எங்கே கிடைக்கும் என்று தங்கையிடம் கேட்டாள். "வா, போற வழியில வாங்கிக்கலாம்" என்று தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகான் சமையலறை வழியாக மறைந்தார். வகுப்புக்கான மதிப்பெண்ணில் மாற்றமில்லை, சான்றிதழ் உண்டு என்று அமைப்பாளர் அறிவித்தார். டாக்டர்கள் வரிசையில் நின்றார்கள்.

புது மாத்திரை ஒன்று வந்தால் ஆயிரம் கேள்வி கேட்கிற கூட்டம், இரண்டு விரலைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டது. சான்றிதழைச் சுவரில் மாட்டுங்கள் ஐயா, தப்பில்லை. மூளையையும் அதே ஆணியில் மாட்டிவிட்டு நோயாளியைத் தொடாதீர்கள்.