மதில்மேல் பூனா

பாங்கிலிருந்து ஓய்வு பெற்று பூனாவின் விமான் நகரில் ஃபிளாட் வாங்கிய வருஷமே, ஊரிலிருந்து வருகிறவர்களை எங்கே அழைத்துப் போவது என்று பக்தவத்சலம் தீர்மானித்துவிட்டார். குன்றின்மேல் ஒரு பூங்கா. பூச்செடிகளைத் தாண்டி உச்சிக்குப் போனால் மொத்த பூனாவும் காலடியில் விரியும். அதில் தம் கட்டடத்தை விரல் நீட்டிக் காட்டுவதில் அவருக்கு அலாதிப் பெருமை.

2003 டிசம்பரில் கோயம்புத்தூரிலிருந்து ஜம்புநாதனும் அவர் மனைவி அமலாவும் மகனோடு பெண் பார்க்க வந்தார்கள். பக்தவத்சலத்தின் மகள் தேஜஸ்வினியை அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. பஜ்ஜி சொஜ்ஜி முடிந்த கையோடு பக்தவத்சலம் அவர்களை ஆட்டோவில் ஏற்றிக் குன்றுக்குக் கொண்டுபோனார்.

உச்சியில் பூனாவைக் காணோம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர் நின்றது.

பூங்கா அதிகாரி தாம்லே விளக்கம் அளித்தார். எட்டிப் பார்த்து யாரும் விழுந்துவிடக் கூடாதென்று பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டுச் சுவர் எழுப்பினார்களாம். காட்சி மறைகிறதென்று அதே பொதுமக்கள் புகார் செய்தார்களாம். கட்டிய சுவரை இடிக்க விதியில் இடமில்லை. ஆகவே சுவருக்குப் பின்னால் இருக்கும் காட்சியைச் சுவரின்மேலேயே வரைந்துவிட்டார்கள். படத்தை யாரும் தொடாதிருக்க ஒரு கம்பி வேலி. வேலியில் யாரும் சாயாதிருக்க ஒரு காவலாளி.

நிஜமான ஊர் அந்தப் பக்கம் இருக்கிறது என்று பக்தவத்சலம் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? படத்தில் புகை இல்லை, நெரிசல் இல்லை, ஆற்றில் இருகரையும் தொட்டுத் தண்ணீர். விருந்தாளிகள் அதன்முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு அமலா, "இதுல உங்க வீடு எதுங்க?" என்று கேட்டார்.

பக்தவத்சலம் தேடினார். விமான நிலையம் இருந்தது. வீடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"நகர வரைபடத்தைப் பார்த்துத்தான் வரைந்தோம்" என்றார் தாம்லே இந்தியில். "உங்கள் கட்டடத்துக்கு பர்மிஷன் உண்டா?"

ஜம்புநாதனுக்கு இந்தி தெரியாது. ஆனால் பர்மிஷன் என்றால் தெரியும். ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொல்லி அன்றே ரயில் ஏறிவிட்டார்கள்.

தேஜஸ்வினி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வீட்டைக் காட்டறேன்னு போய், வீடே இல்லேன்னு ஆக்கிட்டு வந்துட்டீங்க" என்றாள் அவர் மனைவி சாவித்ரி.

மறுநாளே பக்தவத்சலம் பூங்கா ஆபீசுக்குப் போனார். அனுமதி இல்லாத கட்டடத்தைச் சுவரில் சேர்க்க முடியாது என்றார்கள். அனுமதி தரும் ஆபீசுக்கு ஓடினார். சுவரிலேயே இல்லாத கட்டடத்தை எதை நம்பி அனுமதிப்பது என்றார்கள்.

கடைசியில் கசார்வாடியில், சுவர்ப்படத்தை வரைந்த பாபனைக் கண்டுபிடித்துக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். பாபன் எருமைகளை ஓரமாக நகர்த்தி, நாலு மாடி எழுப்பி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். சில நாளில் அனுமதி ஆபீஸ் அலுவலர் வந்து சுவரைத் தீர ஆராய்ந்து, 'மேற்படி கட்டடம் காட்சியில் உள்ளது. ஆகவே உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் நகல் கோயம்புத்தூருக்குப் போயிற்று. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். தேஜஸ்வினி கதவைத் திறந்தாள்.

சேதி பரவாமல் இருக்குமா? ஊரே பாபனைத் தேடியது. சுவரில் வயல் போயிற்று, மரங்கள் போயின, எருமைகளுக்கு நிற்க இடமில்லாமல் அவையும் போயின.

கல்யாணத்துக்கு முன்னால் ஜம்புநாதன் போன் செய்தார். பையனுக்காக பூனாவிலேயே ஒரு ஃபிளாட் பேசியிருக்கிறாராம். அனுமதி மட்டும்தான் பாக்கியாம். "அந்தப் பெயிண்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, சம்பந்தி."

பக்தவத்சலம் குன்றேறிப் போனார். சுவரில் ஆறு மட்டும்தான் மிச்சம் என்றார் பாபன். அதையும் யாராவது கேட்டுவிடுவார்களாம்.

பக்தவத்சலம் அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப அழகான ஆறு.

"நட்ட நடுவிலேயே போட்டுடுங்க" என்றார். "ஆறு தெரியற மாதிரி ஒரு பால்கனி இருக்கட்டும்."