முப்பத்திரண்டு போனுக்கு நான் போட்ட பூட்டு

போன மாசம் சிதம்பரத்துல என் மச்சான் ஏழுமலை பொண்ணுக்குக் கல்யாணம். கடலூர்லேருந்து பஸ் ஏறிப் போன எனக்கு ஒரே வேலைதான், மண்டபத்து வைஃபையைப் பார்த்துக்கிறது.

பொண்ணோட அண்ணன் துபாயில. லீவு கிடைக்கலை. தங்கச்சி கழுத்துல தாலி ஏறுறதை லைவ்ல பார்க்கக் காத்துக்கிட்டிருந்தான். ஆனா புவனகிரி மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொரு வீடியோ ஓட்டினதுல லைவ் திக்கித் திக்கி வந்தது.

"மாமா, எதாவது பண்ணுங்க" என்றான் மச்சான்.

"கடலூருக்கு இன்டர்நெட்டைக் கொண்டாந்தவனே நான்தான்டா."

டெலிபோன் கம்பம் ஏறினவன் நான். அப்படிப் பார்த்தா பொய் இல்லை.

மண்டபத்து மேனேஜர் தன் கம்ப்யூட்டர் முன்னாடி என்னை உட்கார வச்சாரு. விருந்தாளிங்க போனுக்கெல்லாம் வைஃபை போட்ட வரிசையில 64லேருந்து 95 வரைக்கும் நம்பர். லைவ் ஓடுற லேப்டாப்புக்கு 96. யாரை நிறுத்தணும்னு ஆக்சஸ் லிஸ்ட்ல எழுதணும். ஆரம்பம் 64. பக்கத்துல வைல்டுகார்டு மாஸ்க்னு ஒரு கட்டம். எத்தனை போன்? முப்பத்திரண்டு. 32னு தட்டுனேன். இதுக்கா பசங்க நாலு வருஷம் காலேஜ் போறானுங்க?

துபாய்லேருந்து போன். "மாமா, லைவ் சுத்தமா நின்னுபோச்சு."

"மேகமூட்டம்பா."

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு வரிசை வரிசையா சுத்திக்கிட்டிருந்தது. மச்சான் மேடையிலேருந்து முறைச்சான்.

கட்டத்துக்குக் கீழ பொடி எழுத்துல இருந்த விதியை அப்பத்தான் படிச்சேன். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டேன். 32ஐ பைனரியில எழுதுனா 100000. மாஸ்க்ல சைபர்னா, அந்த இடம் அப்படியே பொருந்தணும். ஒண்ணுன்னா, எதுவா இருந்தாலும் கண்டுக்காதே. இங்க இருக்கிறதே ஒத்தை ஒண்ணு. அந்த ஒரு இடம் மாறினா 64, 96 ஆகும். ஆக நான் நிறுத்துனது ரெண்டே பேரை. ஒண்ணு 96, லைவ். இன்னொண்ணு 64. காலையில முதல் ஆளா வைஃபை போட்டது யாரு? நான்.

மீதி முப்பத்தொரு பேரும் ஜோரா வீடியோ பார்த்துக்கிட்டிருந்தாங்க.

31ன்னா 11111. அஞ்சு இடத்தையும் கண்டுக்காது. 64லேருந்து 95 வரைக்கும் கச்சிதமா அடங்கும். தட்டு மேடைக்குத் திரும்புறப்போ மாத்தி அழுத்துனேன்.

கெட்டிமேளம்.

"தெரியுது மாமா" என்றான் துபாய்க்காரன். அப்புறம் மூக்கு உறிஞ்சுற சத்தம்தான் கேட்டுச்சு.

மண்டபம் பூரா போன் வீடியோ நின்னுபோச்சு. மாப்பிள்ளையோட சித்தப்பா நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தாரு. "யாருய்யா நெட்டை நிறுத்துனது?"

மேடையிலேருந்து மச்சான் என்னையே பார்த்தான்.

நானும் எழுந்து நின்னு கேட்டேன், "அதானே, யாருய்யா அது?"